வாசலுக்கே பஸ் வரும் என்று சொல்லி விற்ற வீடு

ஏழு மாதம் விற்காத ஏஜென்ற்

ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுத்து ஏழு மாதமாகியும் நான் ஒரு வீடுகூட விற்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் வீட்டு விலை விழுந்து கிடந்தது. ஆனால் விழுந்த விலைகூட எங்கள் சனங்களில் பலருக்கு எட்டாத விலையாகத்தான் இருந்தது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நானே அப்படி மூடிய ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் சேர்கிட் போர்ட் பொருத்தியவள். நாற்பத்திரண்டு வயதில் பாடம் படித்து, சோதனை எழுதி இந்தத் தொழிலுக்கு வந்தேன். என்னிடம் ஒரு பழைய கார், ஒரு பேஜர், என் படம் போட்ட ஐந்நூறு கார்ட் இருந்தன. அதில் நானூற்றுச் சொச்சம் பெட்டியிலேயே கிடந்தது.

எங்கள் புரோக்கர் யோகன் அண்ணை. மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பிளாசாவில், பல் டொக்டருக்கும் பீற்சாக் கடைக்கும் நடுவில் அவருடைய ஒஃபிஸ். நல்ல மனிதர், ஆனால் தொழில் என்று வந்தால் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"மனோ, நீர் போய் வீட்டைக் காட்டுறீர். பிழை அதுதான். சோடியாத்தான் வருவினம். அதில ஆருக்கு ஆசை கூட எண்டு முதல் பத்து நிமிசத்தில கண்டுபிடியும். பிறகு அந்த ஆளோட மட்டும் கதையும். மற்ற ஆள் தானா வரும்."

நான் தலையாட்டினேன். இரண்டு கிழமைக்குள் குகன் வந்தார்.

குகனுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒஷாவாவில் கார் சீற் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி வதனி, மூன்று பிள்ளைகள். ஐந்து பேரும் ஸ்காபரோவில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மென்ரில் இருந்தார்கள். ஒரு பத்திரிகைத் துண்டை வெட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"அக்கா, ஐஞ்சு ஏக்கர் காணியோட வீடு எண்டு போட்டிருக்கு. விலையைப் பாருங்கோ. உண்மையோ, அச்சுப் பிழையோ?"

போன் அடித்து விசாரித்தேன். உண்மைதான். ஒஷாவாவையும் தாண்டி ஒரு மணித்தியாலம் வடகிழக்கே ஓடினால் வரும் ஒரு கிராமப்புற மாவட்டம், கவுன்ரி என்பார்கள். பெயர் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே ஐந்து ஏக்கரும் செங்கல் வீடும் சேர்த்து, ஸ்காபரோவில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு சின்ன ரவுன்ஹவுசின் விலையில் பாதிக்கும் குறைவு.

"ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"கீழ்வீட்டு மனுசன் தும்புத்தடியால சீலிங்கில இடிப்பான் அக்கா. பிள்ளையள் ஓடினால் இடி, விழுந்தால் இடி. கட்டடம் பாக்கிற சுப்பரின்ரெண்டன்ற் மூண்டு கடிதம் தந்திட்டான். சின்னவனுக்கு நாலு வயசு. அவன் நுனிக்காலிலதான் நடப்பான். டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டினால், காலில ஒண்டும் இல்லையாம். பழக்கமாம்."

சொல்லிவிட்டு அவர் பத்திரிகைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆசை கூட உள்ள ஆளைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் தேவைப்படவில்லை.

எட்னாவின் சமையலறை

ஏப்ரல் கடைசியில் அவர்களை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குகன் முன் சீற்றில். பின்னால் வதனியும் சின்னவன் கௌதமும். பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் பெண்கள், அவர்கள் பள்ளிக்கூடத்தில். வழி நீளத்துக்கும் குகன் கதைத்துக்கொண்டே வந்தார். வதனி ஒன்றும் பேசவில்லை. ஹைவேயை விட்டு இறங்கிய பிறகு யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்காரி எட்னா எண்பது வயதுப் பெண்மணி. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தவர். இரண்டு மாடிச் செங்கல் வீடு, பின்னால் ஒரு பழைய களஞ்சியம், ஆப்பிள் மரங்கள், அதற்கப்பால் வெளி. கௌதமைக் கீழே விட்டதும் அவன் புல்லில் நின்று குகனைப் பார்த்தான், ஓடலாமா என்று கேட்பதுபோல. "ஓடு" என்றார் குகன். அவன் ஓடினான். அந்த நேரத்திலேயே வீடு விற்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கிராமப்புற வீடு என்றால் பார்க்கவேண்டியவை வேறு. நகரசபை தரும் ரவுன் தண்ணீர் இல்லை, கிணறு. சாக்கடைக் குழாய் இல்லை, செப்ரிக் ராங்க். காஸ் லைன் இல்லை, பேஸ்மென்ரில் எண்ணெய்த் தாங்கி. எல்லாவற்றையும் நான் முறையாக எழுதிக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். செப்ரிக் ராங்கைத் திறந்து பார்க்க ஆளைப் பிடித்தேன். வீட்டை வாங்க எழுதிக் கொடுக்கும் ஓஃபரில் அவையெல்லாம் கண்டிஷனாகப் போட்டேன். பேப்பரில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

பேப்பருக்கு வெளியே நடந்ததுதான் பிழை.

எட்னா எங்களைச் சமையலறையில் இருத்தித் தேநீர் தந்தார். குகனின் கண்ணும் காதும் யன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த கௌதமிடம்தான். நான் பேச்சுக்கு, ஏன் விற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் வதனியைப் பார்த்துச் சொன்னார். தனக்குக் கண் மங்கிவிட்டதாம். போன வருடம் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். காரோட்டாத ஒருவர் இந்த வீட்டில் இருக்க முடியாதாம். அதனால் பக்கத்துச் சின்ன ரவுனில் உள்ள நேர்சிங் ஹோமுக்குப் போகிறாராம். "நீ கார் ஓட்டுவாயா, மகளே?" என்று கடைசியில் கேட்டார்.

வதனி என்னைப் பார்த்தார்.

"கண் தெரியாதாம். அதாலதான் விக்கிறாவாம்" என்றேன்.

மிச்சத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. எட்னாவிடம் திரும்பி, கணவர் ஓட்டுவார் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். எட்னா சிரிக்கவில்லை.

வெளியே வந்து காரில் ஏறும்போது வதனி அன்றைக்கு முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, இஞ்ச பஸ் இருக்கோ?"

"பிள்ளையளுக்கு வாசலுக்கே பஸ் வரும்" என்றேன்.

பொய் இல்லை. பள்ளிக்கூட பஸ் வாசலுக்குத்தான் வரும். அவர் கேட்டது அந்த பஸ்ஸை அல்ல என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எண்ணெயும் தூரமும்

யூன் மாதம் வீடு கைமாறி, குளோஸ் ஆனது. என் முதல் விற்பனை. யோகன் அண்ணை ஒஃபிஸில் கேக் வெட்டினார்.

அந்தக் கோடை அவர்களுக்கு நல்லதாகத்தான் போனது, அதையும் சொல்லவேண்டும். வீடு குடிபுகுந்தபோது ஸ்காபரோவிலிருந்து ஏழெட்டுக் கார்கள் போயின. பிள்ளைகள் முழு நாளும் வெளியில். வதனி பின்வளவில் வெண்டியும் மிளகாயும் போட்டார். ஓகஸ்ட் மாதம் குகன் வேலையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, சும்மாதான் எடுத்தனான். கௌதம் குதிக்கால் நிலத்தில படுறமாதிரி நடக்கிறான். படியால இறங்கேக்க டம் டம் எண்டு சத்தம் கேக்குது. கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல கிடக்கு."

எனக்கு அன்றைக்கு என் தொழிலில் பெருமையாக இருந்தது.

ஒக்ரோபரில் காற்று மாறியது. பழைய செங்கல் வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தாங்கி எவ்வளவு நிரப்பினாலும் போதவில்லை. ஒஷாவாவுக்குப் போய்வர முன்பைவிடப் பெற்றோல் இரட்டிப்பாக முடிந்தது. அந்தச் செலவைப் பிடிக்கக் குகன் ஓவர்ரைம் செய்யத் தொடங்கினார். ஓவர்ரைம் செய்தால் வீட்டில் இருக்கும் நேரம் இன்னும் குறையும். வீடு மலிவுதான். அதில் வாழ்வது மலிவாக இல்லை.

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் வேறு கார் இல்லை. பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு மாலைவரை வதனியும் நாலு வயதுப் பிள்ளையும் மட்டும். கிட்டிய கடை ஆறு கிலோமீற்றர். அக்கம்பக்கத்து வீடுகள் வெளிச்சமாகத் தெரியும், ஆட்களாகத் தெரியாது.

வதனி யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். நாள் முழுக்கச் சனத்தோடு கதைத்த மனுசி. ஸ்காபரோவில்கூட சாமான்களைப் பக்கற்றில் போடும் ஒரு கொம்பனியில் வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். லிஃப்ற்றில் ஏறினால் மூன்று பேரோடு கதைக்காமல் இறங்கமாட்டார். இதெல்லாம் பிறகு நான் அறிந்துகொண்டவை. விற்கும்போது அவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணி அழைப்பு

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்த நாளில் அந்தக் கவுன்ரியிலிருந்து ஸ்காபரோவுக்குப் போன் எடுத்தால் லோங் டிஸ்ரன்ஸ். நிமிடத்துக்குக் காசு. ரொறன்ரோவில் ரெக்ஸ்டேல் பக்கம் இருந்த தங்கச்சியோடு வதனி ஞாயிற்றுக்கிழமை மட்டும், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பார். ஆனால் எங்கள் ஒஃபிஸுக்கு ஒரு இலவச நம்பர் இருந்தது. தூரத்திலிருந்து எடுக்கும் வாடிக்கையாளர்களுக்காக யோகன் அண்ணை போட்ட லைன். என் கார்டில் அது அச்சடித்திருந்தது.

நவம்பரில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்த லைனில் வதனி வந்தார்.

"அக்கா, பைப்பில தண்ணி வரேல்லை."

பம்ப் நின்றிருந்தது. நான் அந்தப் பகுதிப் பிளம்பர் ஒருவரைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பத்து மணி. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒருமாதிரிச் சத்தம் போடுகிறதாம். அதற்கும் வழி சொன்னேன். பிறகு எட்னாவுக்கு வரும் கடிதங்கள் இன்னும் தபால்பெட்டியில் விழுகின்றனவாம், என்ன செய்வது? எடுத்து வையுங்கோ, பிறகு பார்ப்போம் என்றேன். கொஞ்ச நாளில் காரணங்கள் முடிந்துபோயின.

"அக்கா, அங்கயும் ஸ்நோ கொட்டுதோ?"

"ஓம், கொட்டுது."

"இஞ்சயும் கொட்டுது."

பிறகும் போனை வைக்கமாட்டார். எனக்கு விற்பனைக்கு வந்த வீடுகளின் லிஸ்ரிங் பார்க்கவேண்டும், ஆட்களைக் கூப்பிடவேண்டும். ஆனால் போனை வைக்க மனம் வராது.

யோகன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "உது கஸ்ரமருக்குப் போட்ட லைன். அந்த வீடு குளோஸ் பண்ணி எத்தினை மாசம்? உமக்கு வேற வேலை இல்லையோ?" என்றார்.

ஒருநாள் நான் வீடு காட்டப் போயிருந்தேன். பத்து மணிக்கு அவரே போனை எடுத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கதவடியில் நின்றார்.

"உம்மட அந்தப் பிள்ளை எடுத்தது. புட்டு அவிக்க இஞ்சத்தை எந்த மா நல்லது எண்டு கேட்டது. நான் அரை மணித்தியாலம் கதைச்சனான். அது மாவுக்காக எடுக்கேல்லை, மனோ."

அதற்குப் பிறகு அந்த லைனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் ஒரு காலை வதனியின் குரல் வேறுமாதிரி இருந்தது. அழுகை இல்லை. அழுகையென்றால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

"அக்கா, கௌதம் கேட்டவன், அம்மா ஏன் என்னோட கதைக்கிறேல்லை எண்டு. நான் அவனோட கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு நினைச்சனான். யோசிச்சுப் பாத்தால், விடியத் தொடக்கம் நான் வாயே திறக்கேல்லை. எல்லாம் மனசுக்குள்ளயே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்."

மேசையில் விரித்திருந்த லிஸ்ரிங்கை மூடி வைத்தேன்.

"இந்த வீட்டை வித்துத் தாங்கோ" என்றார்.

மேசையில் மூன்று பேர்

அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். குகன் வீட்டில் இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, உடம்பு வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் ஏன் வந்தேன் என்று விளங்காமல் விழித்தார். பிள்ளைகள் மாடியில் விளையாடினார்கள். நாங்கள் மூன்று பேரும் எட்னா தேநீர் தந்த அதே சமையலறையில் இருந்தோம்.

நான் விசயத்தைச் சொன்னேன். குகன் வதனியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே நீர்?"

"எப்ப சொல்லுறது? வந்தால் சாப்பிட்டிட்டுப் படுக்கிறியள். விடிய எழும்பினால் ஸ்நோ வழிக்கிறியள். உங்களைப் பாத்தால் எனக்குப் பாவமாக் கிடக்கு. அதுக்குள்ள நான் என்னெண்டு சொல்லுறது?"

"நான் ஆருக்காக இதை வாங்கினனான்? பிள்ளையள் கள்ளர்மாதிரி நடந்து திரிஞ்சதுகள். அதைப் பாக்கேலாமத்தான் வாங்கினனான்."

"தெரியும். அதுதான் வாய் திறக்கேல்லை."

இரண்டு பேர் குரலிலும் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நான் எழும்பி வெளியே போயிருக்கலாம். மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. குகன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வதனி, அண்டைக்கு எட்னா சொன்னதில பாதியைத்தான் நான் சொன்னனான். கார் ஓடத் தெரியாத ஆள் இஞ்ச இருக்கேலாது எண்டு அவ சொன்னவ. நான் அதை உமக்குச் சொல்லேல்லை. பஸ் எண்டு நீர் கேட்டதும் எனக்கு விளங்கினது. வீடு விக்கவேணும் எண்டு மழுப்பிப்போட்டன்."

வதனி என்னை நேராகப் பார்த்தார்.

"அவ சொன்னது எனக்கு விளங்கினது, அக்கா. அவ்வளவு இங்கிலீசு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் சொல்லியிருந்தால் இவருக்கு முன்னால நான் ஒரு வார்த்தை கதைச்சிருப்பன். நீங்களும் சொல்லேல்லை எண்டவுடன, சரி, இனி நான் என்ன கதைக்கிறது எண்டு விட்டிட்டன்."

இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். என்னைத் திட்டியவர்கள் உண்டு, கோட்டுக்கு இழுப்பேன் என்றவர்கள் உண்டு. அந்தச் சமையலறையில் கேட்டதுபோல ஒன்றை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

குகன்தான் முதலில் பேசினார். "விக்கப் போடுங்கோ, அக்கா."

இரண்டாவதாக வதனி. "போடுங்கோ. ஆனால் உது விக்கிறதுக்கு எத்தினை மாசம் செல்லுமோ தெரியாது. அதுமட்டும் நான் இப்பிடி இருக்க மாட்டன். எனக்குக் கார் பழக்குங்கோ."

வதனி எடுத்த லைசென்ஸ்

சித்திரையில் வாசலில் விற்பனைப் போர்ட் நட்டேன். கொமிஷன் எடுக்கமாட்டேன் என்று யோகன் அண்ணையிடம் சொன்னேன். "ஒஃபிஸின்ர பங்கையும் விடுறன், போம்" என்றார்.

ஆனால் வீடு அசையவில்லை. மாதத்துக்கு ஒருவர் வந்து பார்த்தால் பெரிய விசயம். எண்ணெய்ச் செலவைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதற்குள் வேறு காரியம் நடந்தது. குகனோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர், நேர்சிங் ஹோம் இருந்த அந்த ரவுனில் இருந்தார். கிழமையில் இரண்டு நாள் குகன் அவருடைய காரில் போய்வரத் தொடங்கினார். அந்த இரண்டு நாளும் கார் வீட்டில் நின்றது. சனி, ஞாயிறுகளில் குகன் வதனிக்குப் பழக்கினார். சண்டை பிடித்துக்கொண்டுதான் பழகினார்களாம். முதல் சோதனையில் வதனி தவறினார். அந்த ரவுனில் இருந்த ஒரேயொரு ட்ராஃபிக் லைற்றில் மஞ்சளுக்கு ஓடிவிட்டார். இரண்டாவது முறை பாஸ்.

லைசென்ஸ் கிடைத்ததும் அவர் தனியாக ஓடிய முதல் பயணம், சேர்த்து வைத்த எட்னாவின் கடிதங்களைக் கொடுக்க. கௌதமையும் கூட்டிக்கொண்டு நேர்சிங் ஹோமுக்குப் போனார். எட்னாவுக்குக் கண் தெரியாததால் வதனி கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாராம். உச்சரிப்புப் பிழைத்த இடத்தில் எட்னா திருத்தினாராம்.

அன்று மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, அந்த மனுசி என்ன சொன்னவ தெரியுமோ? கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்தபோது, இரண்டு விண்ரர் அந்தச் சமையலறைக்குள்ள இருந்து அழுதவவாம். மனுசனுக்குச் சொல்லேல்லையாம். நான் நினைச்சனான், எனக்கு மட்டும்தான் விசர் பிடிக்குது எண்டு."

அதன் பிறகு கார் நிற்கும் நாட்களில் போய்வந்தார். எட்னாவுக்கு வாசிக்க, பக்கத்துக் கட்டில் மூதாட்டி தனக்கும் வாசிக்கச் சொன்னாராம். கோடை முடிவதற்குள் அங்கே சாப்பாடு கொடுக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று மேலாளர் கேட்டார். கிழமைக்கு மூன்று காலை. செப்ரெம்பரில் கௌதம் கின்டர்கார்டன் போகத் தொடங்கியதும் வதனி வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாவதாக ஒரு பழைய கார் வந்தது. என்னுடைய பத்து மணி அழைப்பு கிழமைக்கு ஒன்றாகி, பிறகு நின்றேபோனது. சில காலைகளில் நான் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஓஃபர் வந்த ஞாயிறு

ஒக்ரோபரில், யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு ஓஃபர் வந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தோட்டம் செய்ய இடம் தேடியவர்கள். நல்ல விலை. அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

பேப்பரை எடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் போனேன். யோகன் அண்ணை சொல்லித் தந்ததற்கு நேர்மாறாக, வதனிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஒவ்வொரு பக்கமாக விளங்கப்படுத்தினேன். முடிவில், "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன்.

வதனி குகனைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், எழும்பிக் கார்த் திறப்பை எடுத்தார்.

"கொஞ்சம் ஓடிட்டு வாறன்."

நானும் குகனும் இருந்தோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. குகன் யன்னலால் ஆப்பிள் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப வேண்டாம் எண்டு சொன்னாலும் சொல்லுவா" என்றார். அவர் குரலில் அதை விரும்புவது தெரிந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வதனி வந்தார். கதவடியில் நின்றபடியே சொன்னார்.

"இதை விப்பம். அக்கா, ரவுனுக்குள்ள, நேர்சிங் ஹோமுக்குப் பின்தெருவில ஒரு வீட்டில போர்ட் கிடக்கு. அதைக் காட்டுங்கோ."

குகனுக்கு விளங்கவில்லை. "ஸ்காபரோவுக்குப் போறதுக்கெண்டுதானே விக்கப் போட்டது? அதுக்குத்தானே அழுதனீர்?"

"ஸ்காபரோவுக்காக அழேல்லை. நினைச்ச நேரம் ஒரு இடமும் போகேலாமல் இருந்ததுக்குத்தான் அழுதனான். திரும்பிப் போனால் பிள்ளையளுக்குப் பழையபடி ஒன்பதாம் மாடிதான். இஞ்ச வீட்டுக்குள்ளயே இருந்தால் நான் முடிஞ்சிடுவன். ரவுனில எண்டால் பள்ளிக்கூடம் நடந்து போகலாம். லைப்ரரி இருக்கு. எனக்கு வேலை இருக்கு. உங்களுக்கும் ஒஷாவாவுக்கு இருபது நிமிசம் குறையும்."

குகன் வெளியே போனார். ஆப்பிள் மரங்கள்வரை நடந்து போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றார். அந்த வீட்டில் அவருடைய ஆசை எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நான் விற்றேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஐஞ்சு ஏக்கரில நான் எத்தினை நாள் நடந்தனான்? எல்லாம் ஓவர்ரைமிலயே போச்சுது" என்றார். "பேனையைத் தாங்கோ, அக்கா."

நான் பேனையை முதலில் வதனியிடம் கொடுத்தேன்.

இளம் ஏஜென்ற்மாருக்கு

ரவுன் வீடு சிறியது. முன்னால் ஒரு மேப்பிள் மரம், பின்னால் ஒரு கார் நிறுத்தும் அளவு புல். ரவுன் தண்ணீர், காஸ் ஃபேர்னஸ். அதில் அவர்கள் பல வருடம் இருந்தார்கள். வதனி நேர்சிங் ஹோமில் படித்துப் பெரிய வேலைக்கு வந்தார். குகனின் தொழிற்சாலை ஒருகாலத்தில் ஆட்களைக் குறைத்தபோது, அந்த வீட்டைக் காப்பாற்றியது வதனியின் சம்பளம்தான். அந்த ரவுனில் சில விண்ரர்கள் அவர்களுக்குக் கஷ்டமாகவும் இருந்தன. தமிழ்க் கடை இல்லை, கோயில் இல்லை. மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் நிறத்தைச் சொல்லி நோகடித்தார்கள். அதையும் நான் மறைக்கக்கூடாது.

இந்த ஒரு வீட்டுக்குப் பிறகு நான் வேலை செய்த முறை மாறியது. எந்தச் சோடி வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் ஆர் இருப்பினம்? அந்த ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு, தனியாக, ஒரு வேலைநாளில் வீட்டைக் காட்டுவேன். கடைக்குப் போகும் வழி, டொக்டரிடம் போகும் வழி எல்லாம் ஓடிக் காட்டுவேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர், "எங்கட குடும்ப விசயத்தில உங்களுக்கென்ன வேலை?" என்று கேட்டு வேறு ஏஜென்றிடம் போனார். வியாபாரம் போனதில் கவலைதான்.

பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் வதனியைச் சந்தித்தேன். சந்தோசமாக இருக்கிறீரோ என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் சந்தோசம் எண்டு சொல்லமாட்டன், அக்கா. ஆனால் வெளிக்கிட்டால் போகலாம் எண்டு இருக்கு. அது காணும்."

வீட்டின் விலை லிஸ்ரிங் பேப்பரில் இருக்கும். அந்த வீட்டில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை அதில் இருக்காது. அதைக் கொடுக்கப்போகிறவர் பல நேரம் பின் சீற்றில், ஒன்றும் பேசாமல் இருப்பார். ஒரு கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு, கேட்ட கேள்விக்கே, பதில் சொல்லுங்கள். வீடு விற்காமல் போனால் போகட்டும்.